பத்துக்குப் பத்தில் பந்தாட்டம்

ஹெட்செட் வாங்கும் முன் கையில் இருக்க வேண்டியது ஓர் அளவு நாடா. தையல் மெஷின் இருக்கும் வீடு என்றால் அந்தச் செலவும் இல்லை. இந்தக் கருவிகளோடு வரும் குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்க வீட்டு ஹாலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சோபாவைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள் என்று ஆரம்பிப்பார்கள். தாராவியில் சோபா உள்ள வீட்டில் அதைத் தள்ளிப்போட இடம் இருக்காது. இடம் உள்ள வீட்டில் சோபா இருக்காது. ஆகவே இந்த அத்தியாயம் நம் வீடுகளை வைத்தே எழுதப்படுகிறது: தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய ஒற்றை அறைகள், மாட்டுங்காவின் பழைய பில்டிங்குகள், செம்பூரின் புதிய, பழைய ஃபிளாட்டுகள்.

கடையில் எல்லாவற்றையும் 'விஆர்' என்றுதான் சொல்வார்கள். இரண்டு வகை உண்டு. மெய்நிகரில் கண்ணை முழுக்க மூடிவிடுவார்கள். அறை மறைந்து ஸ்டேடியம் வந்துவிடும். கலப்பு மெய்ம்மையில் ஹெட்செட்டின் முன்புறக் கேமராக்கள் உங்கள் அறையையே உங்களுக்குக் காட்டும். கட்டில், பீரோ, கட்டிலில் படுத்திருக்கும் தாத்தா எல்லாம் இருந்த இடத்தில் இருப்பார்கள். நடுவில் இல்லாத ஒரு டேபிள் டென்னிஸ் மேசை மட்டும் வந்து நிற்கும். 1994-இல் பால் மில்கிராம், ஃபூமியோ கிஷினோ என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த 'கலப்பு' என்ற பெயர் பரவலானது. சாதாரண மக்கள் இதன் சாயலைப் பரவலாகக் கண்டது 2016-இல், போன் கேமராவில் தெருவோரம் பிகாச்சு உட்கார்ந்திருந்த 'போக்கிமான் கோ'வில். இந்தியாவுக்கு அது அந்த ஆண்டு டிசம்பரில் ஜியோவோடு கைகோத்து வந்தது.

மும்பைக்காரர்கள் இன்னொரு சாயலையும் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் லோயர் பரேல் கமலா மில்ஸில் 'ஸ்மாஷ்' திறந்தபோது அதில் ஒரு கிரிக்கெட் கூண்டு இருந்தது. திரையில் பந்துவீச்சாளர் ஓடிவருவார். பந்தை மட்டும் இயந்திரம் நிஜமாகவே எறியும். வீட்டுக் கலப்பு விளையாட்டு இதற்கு நேர் தலைகீழ். பந்து பொய், அறை நிஜம். பந்து யாரையும் அடிக்காது. அடிபடுவது உங்கள் விரல் முட்டி, அல்லது பீரோ மேல் வைத்திருக்கும் டிவி. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி அத்தியாயம் தானாகப் புரிந்துவிடும்.

கருவி பற்றிச் சுருக்கமாக. வீட்டு விளையாட்டுக்கு இன்று பரவலாகப் பயன்படுபவை மெட்டா குவெஸ்ட் 3 (2023 அக்டோபர்), அதைவிட விலை குறைந்த குவெஸ்ட் 3எஸ் (2024 அக்டோபர்). இரண்டும் அரை கிலோவைச் சற்றே தாண்டும் எடை. கணினி வேண்டாம், வயர் வேண்டாம். பேட்டரி இரண்டு, இரண்டரை மணி நேரம் தாங்கும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் குவெஸ்ட் 3-ஐப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. லென்ஸ்களின் இடைவெளியை அதில் சக்கரம் திருகி நுணுக்கமாகச் சரிசெய்யலாம். 3எஸ்-இல் மூன்றே மூன்று நிலைகள்தான். 2023 ஐபிஎல் சமயத்தில் பேசப்பட்ட ஜியோடைவ் போன்ற, போனைச் செருகிப் பார்க்கும் மலிவுப் பெட்டிகள் மேட்ச் பார்க்க உதவும். எழுந்து நின்று விளையாட உதவாது. ஆப்பிள் விஷன் ப்ரோவை இந்த அத்தியாயம் கணக்கில் எடுக்கவில்லை. அமெரிக்க விலையே 3,499 டாலர். கையில் பிடித்து வீச மட்டை மாதிரி ஒன்றும் அதனோடு வராது.

வாங்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்: பழுதானால் எங்கே கொண்டுபோவது? வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பெட்டியை மலிவாகத் தருகிறோம் என்பவர் இந்தக் கேள்விக்கு முகம் கோணினால், அந்த விலை மலிவில்லை.

கையை அளங்கள்

வீட்டின் சதுர அடி இங்கே அவ்வளவாக உதவாது. குடிசை மாற்றுத் திட்ட வீடுகள் முதலில் 225, பிறகு 269, பிறகு 300 சதுர அடி என்று வளர்ந்தன. தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ளவர்களுக்கு 350 சதுர அடி என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். இந்த எண்களை வைத்து விளையாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. 350 சதுர அடி வீட்டில் ஹால் நடுவே டீப்பாய் போட்டிருப்பவரைவிட, நூறு சதுர அடி அறையில் கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்ப்பவருக்கு விளையாட்டு இடம் அதிகம்.

தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு 6.5 அடிக்கு 6.5 அடி, அதாவது இரண்டு மீட்டர் சதுரம். பத்துக்குப் பத்து அறையில் இது எளிது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கிச்சன் ஓட்டா 2 அடி எடுத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் கட்டில் 3 அடி. மிச்சம் 5 அடி. நீளவாக்கில் மூலையில் மோரி 3 அடி, பீரோ ஒன்றரை அடி, மிச்சம் ஐந்தரை. காலையில் தண்ணீர் பிடித்து வைத்த நீல டிரம் அதற்குள் எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, நம் கையில் உள்ளது ஐந்துக்கு ஐந்தரை. கருவி கேட்பதைவிடக் குறைவு. அதற்காக விளையாடவே முடியாது என்று பெட்டியை மூடிவிட வேண்டாம். எந்த விளையாட்டு என்பதுதான் கேள்வி.

இப்போது உங்களை அளங்கள். அறை நடுவில் நின்று கையை முழுக்க நீட்டி, நடு மார்பிலிருந்து விரல் நுனி வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்குச் சுமார் 2.75 அடி வரும். கண்ட்ரோலரைப் பிடித்தால் சில அங்குலம் கூடும். ஒரு காலை முன்வைத்து அடித்தால் இன்னும் ஓர் அடி. அடுத்து மேலே. அதே ஆள் கையைத் தூக்கினால் விரல் நுனி ஏறக்குறைய 7 அடியில் இருக்கும். 9 அடி உயர அறையில் சீலிங் ஃபேனின் இறக்கை சுமார் ஏழே முக்கால் அடியில் சுற்றும். பேட்மின்டன் ஸ்மாஷுக்குக் குதிகாலை உயர்த்தினால் அந்த இடைவெளியும் போயிற்று. போட்மாலா கட்டிய வீட்டில் கீழ்த்தளத்தின் உயரமே ஆறரை, ஏழு அடிதான். அங்கே தலைக்கு மேல் கை போகும் எந்த விளையாட்டும் கூடாது. மாட்டுங்காவில் 1930, 40-களில் கட்டிய பில்டிங்குகளில் கூரை நல்ல உயரம். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துப் பழைய ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் பாக்கியசாலிகள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சண்டைகள் தனி.

அளந்தபின் ஓர் ஒத்திகை. பழைய செய்தித்தாளை ஓர் அடி நீளத்துக்கு இறுகச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் ஆடப்போகும் அடியை முழு வேகத்தில் அடியுங்கள். ஃபோர்ஹாண்ட், பேக்ஹாண்ட், கீழிருந்து உருட்டுதல் என்று எல்லாவற்றையும். வீட்டில் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். தாள் எதன் மேல் படுகிறதோ அதை நகர்த்துங்கள். நகர்த்த முடியாது என்றால் அந்த அடியையே விட்டுவிடுங்கள். எதிலும் படாத இடத்தில் காலடியில் ஒரு சிறிய ரப்பர் மிதியடியைப் போடுங்கள். விளையாட்டின் வேகத்தில் நடு இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டீர்கள் என்பதைப் பாதமே சொல்லிவிடும். ஊரிலிருந்து வந்த பத்தமடைப் பாயை இதற்கு எடுக்க வேண்டாம். டைல்ஸ் தரையில் அது வழுக்கும். அதை மிதித்து ஆடுவதை ஆச்சியும் பொறுக்கமாட்டார்.

ஃபேனை என்ன செய்வது? அணைத்தால் மும்பைப் புழுக்கத்தில் சற்று நேரத்திலேயே லென்ஸ் பனிக்கும். தலைக்கு மேல் கை போகாத விளையாட்டு என்றால் ஓடட்டும். இல்லையென்றால் அதை அணைத்துவிட்டு ஒரு டேபிள் ஃபேனை எட்டாத மூலையில், ஓட்டா மேல் வையுங்கள். இதில் உபரி லாபம் ஒன்று உண்டு. காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதை வைத்து, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்று உடம்புக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

எது ஆடலாம், எது வேண்டாம்

விளையாட்டுகளை அவற்றின் பெயரால் பிரிக்க வேண்டாம். அசைவு எந்த மூட்டில் பிறக்கிறது என்று பாருங்கள். முழங்கை, மணிக்கட்டு அளவில் முடிபவை சின்ன அறைக்கு ஏற்றவை. தோளிலிருந்து வீசுபவை பெரிய அறைக்கு. காலையும் கூடவே இழுப்பவை மைதானத்துக்கு.

டேபிள் டென்னிஸ் முதல் வகை. சின்ன வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதைத்தான் சொல்வேன். நிஜ மேசையின் நீளம் 2.74 மீட்டர், அதாவது 9 அடி. அகலம் 1.525 மீட்டர். பத்தடி அறைக்குள் மேசையைப் போட்டால் ஆள் நிற்க இடமே இல்லை. 'இலெவன் டேபிள் டென்னிஸ்' போன்ற விளையாட்டில் மேசையின் மறுபாதி சுவருக்குள் புகுந்து நிற்கலாம். எதிராளி சுவருக்கு அப்பால் இருந்துகொள்ளட்டும். சுவரும் தெரிய, அதைத் துளைத்துக்கொண்டு மேசையும் தெரிவது முதல் சில நிமிடங்களுக்குக் கண்ணை உறுத்தும், பிறகு பழகிவிடும். உங்களுக்கு நிஜமாக வேண்டியது மேசையின் இந்தப் பக்க விளிம்பை ஒட்டிய நாலைந்து அடி மட்டும். மேசையை எங்கே போடுவது என்று விளையாட்டு கேட்கும்போது, உங்கள் முகம் அறையின் மிக நெருக்கமான சுவரைப் பார்க்குமாறு போடுங்கள். திறந்த இடம் முழுக்க முதுகுக்குப் பின்னால் கிடைக்கட்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்து, பின்வாங்கும்போது கட்டிலில் விழுகிறார்கள். மட்டை வீச்சு மட்டும் அந்தச் சுவரை எட்டாதபடி முன்பு செய்த செய்தித்தாள் ஒத்திகையை ஒருமுறை இங்கேயும் செய்துகொள்ளுங்கள்.

ஸ்டாக்ஹோமின் ரெசல்யூஷன் கேம்ஸ் 2024-இல் வெளியிட்ட 'ஹோம் ஸ்போர்ட்ஸ்' கலப்பு மெய்ம்மைக்கென்றே செய்யப்பட்டது. மினி கோல்ஃப், பவுலிங், பேட்மின்டன், பிக்கிள்பால், ஹாக்கி என்று ஐந்து அதில் உண்டு. மினி கோல்ஃபும் பவுலிங்கும் கீழ்நோக்கிய அசைவு. ஐந்தடி அகலத்துக்குள் அடங்கும். பவுலிங்கில் ஒரு தந்திரம்: கை ஊஞ்சலாட வேண்டிய கோட்டை அறையின் நீளவாக்கில் வையுங்கள். பின்னால் கை போகும் வழியில் திறந்த பீரோக் கதவு இல்லாமல் பாருங்கள். பேட்மின்டனும் பிக்கிள்பாலும் தோள் விளையாட்டுகள். செம்பூரில் ரீடெவலப்மெண்ட் முடிந்து வந்த ஃபிளாட்டின் ஹாலில், டீப்பாயைப் படுக்கையறைக்குக் கடத்திவிட்டு ஆடலாம். தாராவி அறையில் வேண்டாம். நிஜ பேட்மின்டன் கோர்ட் 13.4 மீட்டர் நீளம்; அதை வீட்டு அளவுக்குச் சுருக்கினாலும் கையைச் சுருக்க முடியாது.

கிரிக்கெட் பற்றிக் கேட்காத வாசகர் இருக்கமாட்டார். 1948-இல் தொடங்கிய காங்கா லீகை மழைக்காலத்தில், சேற்றில் ஆடும் ஊர் இது. மழை வீட்டுக்குள் அடைத்தால் வீட்டுக்குள் பேட் பிடிக்கத்தான் கை அரிக்கும். ஹைதராபாத்தின் ப்ரோயுகா நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 'ஐபி கிரிக்கெட்' நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது மெய்நிகர் வகை. அறை கண்ணுக்குத் தெரியாது. கவர் டிரைவுக்கு முன்கால் இரண்டரை அடி போகும், உடம்பும் சேர்ந்து போகும். கண்ட்ரோலரில் மாட்டும் பேட் வடிவக் கட்டை ஒன்றையும் சிலர் தனியாக வாங்கிவிடுகிறார்கள். நிஜ பேட்டின் நீளம் அதிகபட்சம் 38 அங்குலம். அதில் பாதி நீளக் கட்டையைக் கையோடு சேர்த்தாலே வீச்சு நாலடியைத் தாண்டும். எட்டடிக்கு எட்டடி வெற்றுத்தரை இல்லாத வீட்டில் கட்டையை மாட்டாதீர்கள். வெறும் கண்ட்ரோலரோடு, பின்காலில் நின்று, கட் ஷாட்டை மறந்து, நேராகத் தட்டி ஆடலாம். அது கிரிக்கெட்டா என்றால், கல்லியில் 'ஒன் டிப் ஒன் ஹேண்ட்' ஆடியவர்களுக்கு விதிகளை வீட்டுக்கு ஏற்ப வளைப்பது புதிதில்லை.

குத்துச்சண்டை விளையாட்டுகள் உடற்பயிற்சிக்கு அபாரம், சின்ன அறைக்கு அபாயம். எதிரி பின்வாங்கினால் நீங்களும் துரத்திக்கொண்டு போவீர்கள்.

கேரம் ஆட ஹெட்செட் வேண்டவே வேண்டாம். நிஜ போர்டு முக்கால் மீட்டர் சதுரம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் அறை நிறைந்துவிடும், காசும் மிச்சம். ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் விரலுக்குக் கிடைப்பது கண்ட்ரோலரின் அதிர்வில் கிடைக்காது.

வெளிச்சம், கண்ணாடி, காலண்டர்

ஹெட்செட் தன் இடத்தை அறிவது கேமராக்களால்தான். சுவரிலும் தரையிலும் உள்ள அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு, நான் இங்கே நிற்கிறேன் என்று கணக்கிடுகிறது. இதில் நம் பழைய வீடுகளுக்கு எதிர்பாராத அனுகூலம் உண்டு. முருகன் படம், நாள்காட்டி, திருமண போட்டோ, மளிகைக் கடைக் காலண்டர் எல்லாம் நிறைந்த சுவரைக் கருவிக்கு மிகவும் பிடிக்கும். சாவி கொடுத்த கையோடு பெயின்ட் வாசனை மாறாமல் இருக்கும் வெள்ளைச் சுவர் ஃபிளாட்டில்தான் அது தடுமாறும். அப்படிப்பட்ட வீட்டில் எதிர்ச் சுவரில் ஒரு காலண்டரை மாட்டினாலே முன்னேற்றம் தெரியும்.

ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோவைக் கருவி இன்னோர் அறை என்று நினைத்துக்கொள்ளும். பழைய புடவை ஒன்றை அதன் மேல் தொங்கவிடுங்கள். கணபதி நாட்களிலும் தீபாவளிக்கும் கட்டும் சீரியல் விளக்குகளும் தொல்லைதான். கண்ட்ரோலர்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளால் தங்களைக் காட்டிக்கொள்கின்றன. மினுக்கும் சின்ன பல்புகளைக் கேமரா அவற்றோடு குழப்பிக்கொள்ளும். விளையாடும் நேரத்துக்கு மட்டும் சுவிட்சை அணைத்தால் போதும். ஏற்றிய குத்துவிளக்கு இருக்கும் அறையில் மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. விளக்கு மலையேறிய பிறகு ஆடுங்கள்.

அறை மங்கலாக இருந்தால் கேமராப் படம் மணல் தூவியது மாதிரி தெரியும். டியூப் லைட்டைப் போட்டு ஆடுங்கள். போட்டபின் படம் படபடவென்று துடித்தால், அமைப்புகளில் கண்காணிப்பு அலைவெண் என்ற இடத்தில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். நம் மின்சாரம் 50, அமெரிக்காவில் 60. வெயில் எதிரி. ஜன்னல் வழியே வரும் நேர் வெயில் லென்ஸில் பட்டால், லென்ஸ் அதைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். ஹெட்செட்டைக் கழற்றிக் கட்டிலில் வைக்கும்போது லென்ஸ் பக்கம் ஜன்னலைப் பார்க்க வேண்டாம். பில்டிங் மொட்டைமாடியில் இடம் தாராளமாக இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். பகலில் வெயில், இரவில் இருட்டு, எந்நேரமும் கைப்பிடிச் சுவர். மூன்றும் சேர்ந்த இடம் அது. சாலின் பொது வராந்தாவும் அப்படியே.

இல்லாத மேசையில் சாய்வது

அறைதான் தெரிகிறதே, பிறகு என்ன பயம் என்ற நினைப்புத்தான் கலப்பு மெய்ம்மையின் தனி ஆபத்து. மெய்நிகரில் ஆடுபவர் ஒன்றும் தெரியாததால் நிதானமாக ஆடுகிறார். இங்கே எல்லாம் தெரிவதால் துணிச்சல் வந்துவிடுகிறது. கண் பந்தின் மேல் இருக்கும்போது பீரோ தெரிந்தும் தெரியாது. மேலும், பொய்ப் பொருள் சில சமயம் நிஜப் பொருளுக்கு முன்னால் வரையப்பட்டுவிடும். மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை அந்த மேசையே மறைத்துவிடலாம். விளையாடும்போது தவழும் குழந்தையும் பூனையும் அறைக்குள் இருக்கக் கூடாது. ஒற்றை அறை வீட்டில் குழந்தையை ஒருவர் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அது தூங்கும் நேரத்தில் ஆட வேண்டும்.

புதியவர்கள் விழுவது பெரும்பாலும் பந்தைத் துரத்தி அல்ல. ஆட்டம் முடிந்த களைப்பில் டேபிள் டென்னிஸ் மேசையில் கையூன்றிச் சாய்கிறார்கள். மேசை இல்லை! அல்லது கண்ட்ரோலரை அதன்மேல் வைக்கிறார்கள். அது நேரே தரைக்குப் போகிறது. வயதானவர்கள் முதன்முதலில் ஆடும்போது ஒருவர் பக்கத்தில் நின்று, "தாத்தா, அந்த மேசை நிஜமில்லை, சாயாதீங்கோ" என்று ஆட்டம் முடியும் கணத்தில் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் சொன்னால் மறந்துவிடும்.

கண்ட்ரோலரின் மணிக்கட்டுப் பட்டையை மாட்டாமல் யாரையும் ஆடவிடாதீர்கள். 2006-இல் நிண்டெண்டோ வீ வந்தபோது பவுலிங் உருட்டிய வேகத்தில் பட்டை அறுந்து ரிமோட்டுகள் டிவியில் மோதின. அந்த டிசம்பரிலேயே தடிமனான பட்டைகளை நிறுவனம் இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு ரப்பர் உறையும் கொடுத்தார்கள். இன்றைய பட்டைகள் உறுதியானவை, மாட்டினால்.

தொடங்கும்போது கருவி தரையில் எல்லைக் கோடு வரையச் சொல்லும். அறை முழுவதையும் வளைத்துப் போடாதீர்கள். பீரோ, கட்டில், ஓட்டா ஒவ்வொன்றிலிருந்தும் முக்கால் அடி உள்வாங்கி வரையுங்கள்; வேலி தெரிந்து மூளை கையை நிறுத்த அந்த முக்கால் அடி வேண்டும். சில கலப்பு விளையாட்டுகளில் இந்த வேலியே வராது. அறைதான் தெரிகிறதே என்பது செய்தவர்களின் நியாயம். நம் வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது. அங்கே உங்கள் வேலி இரண்டு: காலடி மிதியடி, கூடவே ஓர் ஆள். "நில்லு" என்று அந்த ஆள் சொன்னால், பாயிண்ட் போனாலும் கை அந்த இடத்திலேயே உறைய வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். "ஏலே, பாத்து" என்ற பொது எச்சரிக்கையால் பயனில்லை. எதைப் பார்ப்பது என்று தலையைத் திருப்பும்போதுதான் மோதுவார்கள்.

வீடும் அண்டை வீடும்

பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மெட்டாவின் கணக்கு கிடையாது. 10 முதல் 12 வரை பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கில் ஆடலாம். அவன் ஆடுகிறானே, தம்பியும் கொஞ்சம் ஆடட்டும் என்று விதியை வளைக்க வேண்டாம். அந்தக் கருவி சின்ன முகத்துக்கும் கண் இடைவெளிக்கும் செய்யப்படவில்லை. வலிப்பு வந்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மற்றவர்களுக்கு முதல் நாள் பத்து, பதினைந்து நிமிடம் போதும். தரையும் சுவரும் கண்ணுக்குத் தெரிவதால் மெய்நிகரைவிட இதில் தலைசுற்றல் குறைவு. வந்தால் பொறுத்துக்கொண்டு ஆடாமல் உடனே கழற்றுங்கள்.

முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே பவுலிங் ஆடலாம். நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கக் கூடாது, சக்கரமும் இருக்கக் கூடாது.

இரவு பத்துக்கு மேல் கீழ்வீட்டுக்காரர் உங்கள் குதிகாலை எண்ணிக்கொண்டிருப்பார். மாட்டுங்காவில் மரத்தளம் உள்ள பழைய பில்டிங்குகளில் இந்த அதிர்வு இன்னும் நன்றாக இறங்கும். குதிக்காத விளையாட்டுகளை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாலிலும் கல்லியிலும் வாசல் கதவு பகலில் மூடுவதில்லை. முகத்தில் கேமராக்கள் கட்டிக்கொண்டு ஒருவர் நடுவீட்டில் நின்றால், தண்ணீர்க் குடத்தோடு போகும் பக்கத்து வீட்டு அக்கா என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். ஒளிப்பதிவு நடக்கும்போது முன்புறம் ஒரு சின்ன விளக்கு எரியும். அது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை, உங்களுக்குத்தான் பொறுப்பு. கதவை மூடிக்கொண்டு ஆடுங்கள், அல்லது கதவுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இன்னும் நல்ல வழி, அவரையும் கூப்பிட்டு டிவியில் காட்டுவது. ஹெட்செட்டில் தெரிவதை போனுக்கோ குரோம்காஸ்ட் உள்ள டிவிக்கோ அனுப்பலாம். ஆடுபவர் ஒருவர்தான் என்றாலும் அப்போது வீடே ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும். படம் திக்கினால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் 2.4 எப்போதும் கூட்ட நேர லோக்கல் மாதிரி.

மழைக்காலமும் கூட்டுச் சொத்தும்

ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் இந்தக் கருவிக்கு வேலை அதிகம். அதைக் கெடுக்கும் ஈரமும் அப்போதுதான் அதிகம். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஆடி முடித்தபின் அரை மணி நேரமாவது காற்றாட வைத்து, வியர்வை உலர்ந்த பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது உத்தமம். மருந்துப் பாட்டிலில், செருப்புப் பெட்டியில் வருபவற்றைச் சேர்த்து வையுங்கள். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். சானிடைசரும் ஈரத் துடைப்பானும் லென்ஸின் பூச்சை அரிக்கும். வேட்டி முனையும் வேண்டாம்.

ஒரே மாடியில் மூன்று, நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஹெட்செட் வாங்குவது மும்பையில் நடக்கக்கூடியதுதான்; சீட்டுப் போட்டு ஃபிரிட்ஜ் வாங்கிய ஊர். அப்படி வாங்கினால் முகத்தில் படும் சிலிக்கான் உறை வீட்டுக்கு ஒன்று தனியாக வேண்டும். அது ஹெட்செட்டை நோக்கச் சிறு செலவு, கழுவி உலர்த்தலாம். 2023 மழைக்காலத்தில் மகாராஷ்டிரத்தில் 'மெட்ராஸ் ஐ' பரவியது பலருக்கு நினைவிருக்கும். யாராவது ஒருவர் கண் சிவந்தால், அந்த வீட்டு முறை தள்ளிப்போகிறது. அவருக்குக் குணமாகும்வரை கருவி அடுத்த வீட்டில் இருக்கட்டும், போகும் முன் உறை மாறட்டும். லென்ஸ் இடைவெளியும் ஆளுக்கு ஆள் மாறும். அவரவர் எண்ணை டப்பாவின் மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். கடைசியாக ஆடியவர் சார்ஜ் போட்டு, பட்டைகளை எண்ணி வைத்துவிட்டுத்தான் டப்பாவை ஒப்படைக்க வேண்டும் என்பதை முதல் தவணை கட்டும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.